சலாம் இல்லாத முடுக்கு

அன்று மாலை அஸர் தொழுகை முடிந்ததும் ரஹ்மத்துன்னிஸா முடுக்கிலிருந்த பதினோரு வீட்டுக் கதவையும் தட்டினாள். கல்யாணத்துக்கு அழைக்க வந்திருக்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"மாமி, காலையில எம்புள்ள ஸ்கூல் வேனுக்கு நடந்து போவும்போது சலாம் சொல்லாதீங்க. ஒண்ணும் கேக்காதீங்க."

"நல்லா இருக்கே கூத்து! பகையாளிகூட சலாம் சொல்லுவானே, ஏளா!" என்றார் முதல் வீட்டு செய்யிதம்மாள் மாமி.

காயல்பட்டினத்தில் கேட்கக்கூடிய வேண்டுதலா இது? சலாமுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று மகளைப் பழக்கியவளும் ரஹ்மத்துன்னிஸாதான். ஒன்பது வயது அஃபீஃபாவுக்கு டவுன் சிண்ட்ரோம். மற்றப் பிள்ளைகள் அரைகுறையாக முணுமுணுத்துவிட்டு ஓடும், இவள் விடமாட்டாள். 'வஅலைக்குமுஸ்ஸலாம்' என்று முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கால் பின்னிக்கொள்ளும். போன மாதம் அப்படித்தான் முடுக்கு முனையில் ஒரு ஸ்கூட்டர் முன்னால் விழுந்தாள். நெற்றியில் நாலு தையல்.

தூத்துக்குடியில் பிசியோதெரபிஸ்ட் ஈவாஞ்சலின் அவளை நடக்கவிட்டுப் பார்த்தாள். சும்மா நடந்தபோது ஒழுங்காகத்தான் நடந்தாள். நடந்துகொண்டே வீட்டில் யார் யார் என்று சொல்லச் சொன்னதும், "உம்மா... வாப்பா..." என்றவள் தள்ளாடிச் சுவரைப் பிடித்தாள்.

"மூளைக்கு வேலை குடுத்தா கால் தடுமாறுது, அக்கா. பழக்கலாம். நாளாகும்."

நின்று பதில் சொல் என்று ரஹ்மத்துன்னிஸாவே பழக்கிப் பார்த்தாள். நின்றால் எங்கே புறப்பட்டோம் என்பதே மறந்து பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வந்தாள். துபாயிலிருந்து கணவன், "கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயேன்" என்றான். எத்தனை காலத்துக்கு? தான் மவுத்தாகிக் கண்ணை மூடிவிட்டால் யார் கையை நீட்டுவார்கள்? முதலில் அது பயமாக இருந்தது. இப்போது அதுவும் மரத்துவிட்டது.

மறுநாள் காலை முடுக்கில் ஒரு சத்தம் இல்லை. எதிரே வந்த கடைசி வீட்டு சதக்கத்துல்லாஹ் காக்கா வண்டியை அணைத்துச் சுவரோரம் ஒதுங்கி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செய்யிதம்மாள் மாமி பாதிக் கதவைச் சாத்திக்கொண்டார். அஃபீஃபா ஒவ்வொரு வாசலையும் பார்த்தபடி நடந்தாள். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. பத்தடி பின்னால் வந்த ரஹ்மத்துன்னிஸா அல்ஹம்துலில்லாஹ் என்றாள். வாய்தான் சொன்னது. சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை.

வேன் படியில் கால் வைத்த பிள்ளை திரும்பினாள்.

"உம்மா, யாருமே சலாம் சொல்லல. நா என்ன தப்பு செஞ்சேன்?"