கலோண்டு கேட்டது

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து கலோண்டு கோயிலை மூன்று முறை கூட்டிவிட்டாள். கூட்டுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? மணல். துர்க்கானா மேய்ச்சல்காரர் நாட்டில் மணலை வாரி மணலில் கொட்டுகிற வேலையைத்தான் நாலு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறாள். இருந்தாலும் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தெற்கே மச்சாக்கோஸ் நகரத்திலிருந்து சபை மூப்பர் கிவூவா வருகிறார். இந்த ஊழியத்தைத் தொடர்வதா, இழுத்து மூடுவதா என்று நேரில் பார்த்து முடிவு சொல்லப்போகிறார்.

மூடிவிடக் கூடாதே என்று அவள் புருஷன் பாஸ்டர் முசெம்பி முழங்காலில் நின்று ஜெபித்தார். அவளும் பக்கத்தில் முழங்காலில் நின்று, கண்ணை இறுக்கிக்கொண்டு, ‘மூடிவிடு ஆண்டவரே, மூடிவிடு’ என்றாள். பாவம் என்று தெரியும். பெற்ற வயிறு என்ன செய்யும்? மகள் மும்புவா மலைமேல் சொந்த ஊரில், முசெம்பியின் அக்கா கனினி வீட்டில் இருந்தாள். இங்கே வந்த முதல் வருஷமே காய்ச்சலில் அவள் பிழைத்தது மறுபிழைப்பு. பள்ளிக்கூடமும் கிடையாது. நாலு வயதில் கொண்டுபோய் விட்டார்கள். இப்போது எட்டு ஆகப்போகிறது. கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் பார்ப்பதோடு சரி. போன இரண்டு கிறிஸ்துமஸுக்கு அதுவும் இல்லை. ஒரு முறை வழியில் கொள்ளைக்காரர் பயம், மறுமுறை முசெம்பிக்கு மலேரியா.

“ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்” என்பார் முசெம்பி.

“வளருது, வளருது. எனக்குத் தெரியாமலே வளருது” என்று சட்டியை ணங்கென்று வைப்பாள் இவள்.

கலோண்டு உழவர் வீட்டுப் பெண். வந்த இடத்தில் நாலு முறை காராமணி விதைத்தாள். இரண்டு முறை ஆடு தின்றது, இரண்டு முறை வெயில் தின்றது. தண்ணீருக்கு வறண்ட ஆற்றில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, ஊறுகிறவரை குந்தியிருந்து, சுரைக்குடுக்கையால் மொண்டு வரவேண்டும். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். இந்த ஜனங்கள் கூச்சநாச்சமில்லாமல் கேட்கிறார்களே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. இங்கே யாரும் வணக்கம் சொல்வதில்லை, “கொடு” என்கிறார்கள். அதிலும் பக்கத்து முள்வேலிக்காரி நகிரு இருக்கிறாளே, கழுத்து நிறைய மணி, வாய் நிறையப் புகையிலை, அவளிடம் தப்பிக்கவே முடியாது. அன்றும் வந்து நின்றாள்.

“மும்புவா அம்மா, சர்க்கரை கொடு.”

“நேத்துதானேடி கொடுத்தேன்?”

“அது நேத்து. இன்னைக்குக் கொடு. அப்படியே அந்தப் பாவாடையையும் கொடு. உனக்குத்தான் இடுப்பே இல்லையே.”

“வெட்கமா இல்லையா உனக்கு?”

“எனக்கு என்ன வெட்கம்? நாலு வருஷமா நீ என்கிட்ட ஒண்ணாவது கேட்டிருக்கியா? பால் கேட்கலை, ஆட்டுக்குட்டி கேட்கலை. வேத்து மனுஷிதான் கேட்க மாட்டா. உனக்கு எங்களைப் பிடிக்கலைன்னு ஊரே பேசுது.”

கலோண்டு ஒரு கை சர்க்கரையை அள்ளிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அன்று சாயங்காலம் மேற்கே மலைப்பக்கம் மின்னியது. அங்கே மழை என்றால் அங்கே புல். அவ்வளவுதான்! சனிக்கிழமை விடிந்தபோது பெண்கள் குடிசைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கழுதைகள் மேல் தோலும் பானையும் குழந்தைகளும் ஏறின. முசெம்பி தலைதெறிக்க ஓடி, கூட்டத்துப் பெரியவர் லொமூரியா முன்னால் நின்றார்.

“பெரியவரே, ஒரே ஒரு நாள் பொறுங்க. நாளைக்கு எங்க மூப்பர் வர்றாரு.”

“வரட்டும். புல்லு கொண்டு வர்றாரா?”

“இல்லை...”

“அப்ப ஆட்டுக்கிட்ட நான் என்ன சொல்றது, பாஸ்டர்? உங்க சாமி மேகத்துல ஏறி ஜனங்களுக்கு முன்னால போனாருன்னு போன மாசம் நீங்கதானே சொன்னீங்க? அவரைக் கூட்டிக்கிட்டு நீங்களும் வாங்க. இந்தக் கல்லுக் கோயிலை மட்டும் விட்டுட்டு வாங்க, கழுதை தூக்காது.”

பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நகிரு போகிற போக்கிலும் கலோண்டுவிடம் ஒரு சட்டியைக் கேட்டு வாங்கிக் கழுதைமேல் கட்டிக்கொண்டாள். உச்சிவேளைக்குள் ஈ காக்கை இல்லை. சிமெண்டுச் சுவர், தகரக் கூரை, எண்பது பேர் உட்காரப் பெஞ்சு. மேய்ச்சல்காரனுக்குப் போய்க் கல்லில் கோயில் கட்டினார்களே, அந்த உழவர் புத்தியை என்னவென்று சொல்ல!

கலோண்டுவுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். தகரப் பெட்டியை இறக்கித் துணிகளை மடித்து வைத்தாள். மறுபடி எடுத்து உதறினாள், மறுபடி மடித்தாள். வெளியே போய் ஆளில்லாத முள்வேலிகளைப் பார்த்துவிட்டு வந்தாள். ஏன் பார்க்கப் போனோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிறு காலை ஜீப் வந்தது. கிவூவா நல்ல மனுஷர்தான். இரண்டு நாள் புழுதியில் புருவம்கூட வெளுத்துப்போயிருந்தது. ஆராதனை நடந்தது. முசெம்பி, கலோண்டு, மூப்பர், டிரைவர், கூட்டத்தோடு போகாமல் தங்கிவிட்ட நொண்டி ஆடு ஒன்று. ஆடு மட்டும் பிரசங்கம் முழுவதும் கத்திக்கொண்டிருந்தது.

டீ குடிக்கும்போது மூப்பர் பேச்சை எடுத்தார். “முசெம்பி, காலிப் பெஞ்சுக்கு எத்தனை நாள் பிரசங்கம் பண்ணுவே? மூடிடலாம்பா.”

முசெம்பி தலையைக் குனிந்துகொண்டார். கலோண்டுவின் வாய் முந்திக்கொண்டது. “நாங்க ஊருக்கு எப்பக் கிளம்பணும், மூப்பரே?”

“ஊருக்கா? ஊழியக்காரனுக்கு ஊர் ஏதும்மா? மார்சபித் பக்கம் பாலைவனத்துல ஒரு இடம் காலியா இருக்கு. கட்டடமும் கட்டியாச்சு. வர்ற மாசமே அங்க போயிடுங்க.”

மறுபடியும் மணல். மறுபடியும் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ். ஊரோடு போய் இருக்கலாம் என்றால் முசெம்பி உயிர் போனாலும் வரமாட்டார். அவரை விட்டுவிட்டு இவளாலும் போக முடியாது. கலோண்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

“கொடுங்க” என்றாள்.

“என்னது?” என்றார் மூப்பர்.

“என் மகளைக் கொடுங்க. நாலு வருஷமா நான் யார்கிட்டயும் எதையும் கேட்டதில்லை. கேட்கிறது கேவலம்னு இருந்துட்டேன். இப்பக் கேட்கிறேன். மார்சபித் வேண்டாம், இந்தக் கட்டடமும் வேண்டாம். ரெண்டு கழுதை கொடுங்க, ஒரு கூடாரம் கொடுங்க. ஜனங்க போன வழியிலயே நாங்களும் போறோம். என் பிள்ளையை அடுத்த லாரியில ஏத்தி அனுப்புங்க.”

“கலோண்டு!” என்றார் முசெம்பி.

“நீங்க சும்மா இருங்க.”

“பள்ளிக்கூடத்துக்கு என்னம்மா பண்ணுவே?” என்றார் மூப்பர்.

“பதினேழு பொம்பளைங்களுக்கு மணல்ல எழுதி எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கேன். நான் பெத்ததுக்குச் சொல்லித் தர மாட்டேனா?”

“காய்ச்சல் வந்தா?”

“வரும்” என்றாள். “வந்தா நான் பக்கத்துல இருப்பேன். அதைத்தான் கேட்கிறேன்.”

மூப்பர் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தார். பிறகு முசெம்பியைப் பார்த்து, “உன் பெண்டாட்டி உன்னைவிட நல்லாவே பிரசங்கம் பண்றாப்பா” என்றார். அவள் கேட்டதையெல்லாம் ஒப்புக்கொண்டு, ஒரு வருஷம் தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து லாரி வருகிற நாள். கலோண்டு புருஷனை மேற்கே மேய்ச்சல் இடத்தில் ஜனங்களோடு விட்டுவிட்டு, ஒரு கழுதையை ஓட்டிக்கொண்டு, இரண்டு நாள் நடந்து லொட்வார் டவுன் கடைத்தெருவுக்கு வந்திருந்தாள். விடிந்ததிலிருந்து உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள். வெயில் சாய்ந்தபிறகு லாரி வந்தது. பின்பலகையை இறக்கியதும் ஒரு பெண்பிள்ளை இறங்கியது. நெடுநெடுவென்று கால், வாரிப் பின்னிய தலை. இவ்வளவு உயரமா? கட்டிக்கொள்ள நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கலோண்டு நின்றாள். பிள்ளை அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து, பெரியவர்களுக்குச் சொல்வதுபோல மரியாதையாக வணக்கம் சொன்னது. பிறகு பைக்குள்ளிருந்து ஒரு தேன் டப்பாவை எடுத்து நீட்டியது.

“இதை உங்ககிட்டக் கொடுக்கச் சொல்லி அம்மா அனுப்பினாங்க.”

எந்த அம்மா என்று கலோண்டுவுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிள்ளை கனினியைத்தான் சொல்கிறது என்று பிறகுதான் விளங்கியது. டப்பாவை வாங்கிக் கழுதைமேல் கட்டினாள். கட்டிய முடிச்சை அவிழ்த்து, திரும்பவும் கட்டினாள்.

“ரொம்ப தூரம் நடக்கணும். பசிக்குதாடா கண்ணு?”

“இல்லைங்க, எனக்கு எதுவும் வேண்டாங்க” என்றாள் மும்புவா.