பரணில் ஏறிய வேட்டுக்கூடை

என் புருசனின் அண்ணன் பெண்டாட்டி கண்ணம்மாளை ஊரில் நெருப்புக்குப் பயந்தவள் என்பார்கள். கேட்டால் எனக்கு வயிறு எரியும். பயந்தவளா அவள்? யாராவது பீடித்துண்டை அணைக்காமல் எறிந்தால், அதை மிதித்துவிட்டு, எறிந்தவன் வாசலுக்கே போய் நின்று திட்டுவாள். கோடையில் கூரை வீட்டில் குடித்தனம் நடத்துபவளுக்கு அந்தப் புத்திகூட இல்லாவிட்டால் எப்படி? அவள் புருசன் பெருமாள்சாமிக்குத்தான் அது கிடையாது.

ஐம்பத்தெட்டாம் வருசம் வைகாசி. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லீவு. காளியம்மன் திருவிழாவுக்கு வாணவேடிக்கைப் பொறுப்பு பெருமாள்சாமிக்கு வந்தது. திண்டுக்கல்லுக்குப் போய் ஒரு கூடை நிறைய வேட்டும் வாணமும் வாங்கி மாட்டுவண்டியில் வந்தார். வழியில் மழை பிடித்துக்கொண்டது. கூடையெல்லாம் ஈரம்.

"நமுத்துப் போச்சுன்னா ஊரே காறித் துப்புமே" என்று புலம்பினார்.

எங்கள் பக்கம் விதைக்கம்பு, மிளகாய் வற்றல் என்று எது நமுக்கக்கூடாதோ, அதை அடுப்புக்கு நேர்மேலே பரணில் வைப்போம். புகைச்சூட்டில் காய்ந்தே கிடக்கும். இந்தப் புத்திசாலி வேட்டுக்கூடையையும் அங்கேயே ஏற்றிவிட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் திருவிழா. வீடு நிறைய விருந்தாளிகள், அவர்களுடைய பிள்ளைகள். பொழுது சாயும் நேரம், பானையில் சோறு பாதி வெந்திருந்தது. மிளகாய் எடுக்கப் பரணில் கைவிட்ட கண்ணம்மாள் அக்காவுக்கு வேட்டுத்திரி தட்டுப்பட்டது. அவள் கத்தவில்லை. குடத்துத் தண்ணீரை அப்படியே அடுப்பில் கவிழ்த்தாள்.

"அது கீழ எறங்குனாத்தான் அடுப்பு எரியும்" என்றாள், ஓடிவந்த புருசனிடம்.

"காலையிலயுந்தான் அடுப்பு எரிஞ்சுச்சு, என்னாச்சு? சாமிக்கு வாங்குன வேட்டுடி. இன்னுஞ் செத்த நேரம் காயணும்."

"அப்பச் சோறு கெடையாதுங்க."

அவளே இறக்கப் போனாள். கையைத் தட்டிவிட்டார். விருந்தாளிகள் முன்னால் பெண்டாட்டி பேசினால் எங்கள் வீட்டு ஆண்களுக்கு மீசை துடிக்குமே! நனைந்த அடுப்பை விட்டுப் பக்கத்து அடுப்பில் தென்னோலையைக் கத்தையாகத் திணித்துத் தீக்குச்சியைக் கிழித்தார். தீ பரண்வரை எழும்பியது.

"ஏத்தா பொன்னழகு, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வெளிய வா!"

என்னிடம் சொல்லிவிட்டு அக்கா அரைவேக்காட்டுச் சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டாள். தொட்டில் குழந்தையை நான் அள்ளினேன். தெருமுனை வேப்பமரத்தடியில் அக்கா ஒவ்வொரு பிள்ளையாகத் தலையைத் தொட்டு எண்ணினாள். விருந்தாளிகளும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

பெருமாள்சாமி மட்டும் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அடுப்பு எரியுதுல்ல? என்ன, குடியா முழுகிப் போச்சு?"

உள்ளே சுர்ரென்றது. மனிதர் ஓடிய ஓட்டத்தில் வேட்டி வாசலிலேயே கிடந்தது.

பிறகு வெடித்தது பாருங்கள், படபடவென்று! கூரையைப் பிய்த்துக்கொண்டு வாணங்கள் கிளம்பின. கொடுமையைக் கேளுங்கள், கோயிலில் இருந்தவர்கள் வேடிக்கை தொடங்கிவிட்டது என்று நினைத்துக் கொட்டு முழக்கினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். இங்கே வீடு எரிகிறது, அங்கே குலவை! புகையைப் பார்த்த பிறகுதான் குடத்தோடு ஓடிவந்தார்கள்.

தீ அணைந்தபோது சுவர் மட்டும் நின்றது. பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பெருமாள்சாமி என் புருசனின் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டையே வெறித்துப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"ஆனா ஒண்ணுகூட நமுத்துப் போகலடி."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரைக் கடித்தே துப்பியிருப்பேன்! அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பிள்ளைகளுக்குப் பசி. திறந்த வெளியில் மூன்று கல்லைக் கூட்டிப் பானையை ஏற்றினாள். அண்ணாந்து மேலே ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"எறங்கிருச்சு. இப்பப் பத்த வைக்கலாம்."

அவர் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். அவள் அதைப் பிடுங்கித் தன் மடியில் செருகிக்கொண்டாள். அவள் சாகும்வரை அந்த வீட்டுத் தீப்பெட்டி அங்கேதான் இருந்தது. ஒரு பீடி பற்றவைக்கவும் பெருமாள்சாமி அவளிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.