வெப்பாலையில் கட்டிய என் சிவப்புப் புடவை

எனக்கு எழுபத்திரண்டு வயது ஆகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான் பெற்றது நான்கு. ஐந்தாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மகன். சோற்று நேரத்துக்குத் தவறாமல் என் வீட்டில் வந்து உட்கார்ந்து வளர்ந்தவன். அவன் அம்மா, அதாவது என் ஓரகத்தி, இதை இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. அவள் ஒப்புக்கொள்ளாத இன்னொன்றும் உண்டு: என் சிவப்பு நைலக்ஸ் புடவை. நினைத்தால் இப்போதும் அதன் வழவழப்பு விரலில் தட்டுப்படுகிறது. எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும்தான் தெரியும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்குவது அவள் பாடு.

இளவயதில் நானும் என் ஓரகத்தியும் மரம் நடும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். செங்கம் ரோட்டை விட்டு உள்ளே, மலையடிவாரத்தில் துண்டாக ஒரு காடு. பெயருக்குத்தான் காடு; விறகுக்கு வெட்டி வெட்டி அடிக்கட்டையாக நின்ற இடம். ஆடு மாடு நுழையாமல் வேலி போட்ட பிறகு, யாரும் நடாமலே அந்தக் கட்டைகளிலிருந்து துளிர் கிளம்பியது. வெப்பாலை, உசிலை, ஆத்தி, கொன்றை என்று இடுப்பைத் தாண்டி வந்துவிட்டன. காரைமுள் புதருக்குள், குருவி போட்ட கொட்டையிலிருந்து வேப்பங்கன்று ஒளிந்து வளர்ந்தது. நாங்கள் நட்டவை ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கும். இவை தேர் பார்க்க வந்த கூட்டம் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. தூக்குச் சட்டியைத் திறக்க என் ஓரகத்திக்கு அந்த இடம்தான் வேண்டும். நிழல் தலையை மட்டும் நுழைக்கிற அளவுதான். "என் தலைக்கு இது போதும், உன் தலைக்கு வேற இடம் பாரு" என்பாள்.

பங்குனியில் இலையெல்லாம் கொட்டிப்போனது. புதிதாக வந்த மேஸ்திரி கரும்பு விளையும் ஊர்க்காரர். பச்சையாக இருந்தால் பயிர், காய்ந்தால் விறகு என்பது அவர் பழக்கம். "எல்லாம் செத்துப்போன குச்சி. பிடுங்கிட்டு குழி எடுக்கணும், புதுக் கன்னு வருது" என்றார். என் ஓரகத்தி ஒரு குச்சியை நகத்தால் சுரண்டிக் காட்டினாள். "செத்துப்போச்சா? உள்ள பச்சையா கீதே, பாருங்கண்ணே!" அவர் குனிந்து பார்த்தார். "அப்படின்னா உசுரோட இருக்கிறதுக்கெல்லாம் நீயே அடையாளம் கட்டும்மா. பௌர்ணமி முடிஞ்சு ஆளுங்க வருவாங்க. அடையாளம் இல்லாதது போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடையாளத்துக்குத் துணி வேண்டுமே. நான் கை கழுவிவிட்டு வருவதற்குள், தலைச்சுமைக்குச் சும்மாடாகச் சுருட்டி வைத்திருந்த என் சிவப்புப் புடவையை அவள் சர்ரு சர்ரென்று கிழித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா பண்ற? அது என் புடவை!"

"புடவையா? சும்மாடுன்னு நெனச்சேன். ஓரமெல்லாம் நைஞ்சு கெடக்குது."

"நைஞ்சாலும் என்னுது!"

"சரி, உன்னுது மாதிரியே நெனச்சுக்கினு வந்து கட்டு."

திட்டிக்கொண்டே கட்டினேன். புடவை பாதிக் காட்டுக்குத்தான் வந்தது. மீதி மொட்டைக் குச்சிகளைப் பார்த்துக்கொண்டே வீடு திரும்பினோம்.

சித்ரா பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த ஜனம், கால் ஆற உட்கார வேலிச் சந்து வழியாக உள்ளே வந்திருக்கிறது. எங்கள் ஊரில் குச்சியில் சிவப்புத் துணியைக் கண்டால் எந்தச் சாமி என்று யாரும் கேட்பதில்லை. மறுநாள் மேஸ்திரி கடப்பாரை ஆட்களோடு வந்தபோது நாங்களும் பின்னால் போனோம். ஒவ்வொரு குச்சிக்கும் மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல். நாங்கள் கட்டாத குச்சிகளிலும் ஜனமே மஞ்சள் கயிறு, கைக்குட்டை, தலை ரிப்பன் என்று கட்டியிருந்தது. முழங்கால் உயர ஆத்திக் கன்றில் ஒரு குட்டித் தொட்டில்கூடத் தொங்கியது. மேஸ்திரி செருப்பைக் கழற்றினார். "எந்தச் சாமிம்மா இது?" "எங்களுக்கும் தெரியலீங்க" என்றாள் என் ஓரகத்தி, அது பொய் இல்லையே. கடப்பாரைக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். குழியெல்லாம் பக்கத்துப் பொட்டல் நிலத்துக்கு மாறியது. நாங்கள் புதருக்குப் பின்னால் போய் வயிறு வலிக்கச் சிரித்தோம். "நான் கும்பிடச் சொன்னனாடி? அவங்களா கும்பிட்டாங்க!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வைகாசியில் ஒரு மழை பெய்ததும் அத்தனை குச்சியும் தழைத்தது. மேஸ்திரிதான் முதலில் ஓடி வந்து, "உங்க சாமிங்க எல்லாம் துளிர் விட்டுடுச்சும்மா!" என்றார்.

போன வாரம் பேத்தியோடு அங்கே போனேன். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். கீழே விழுந்த விதையில் முளைத்தவை முழங்கால் அளவு, அதற்கும் கீழே இரண்டு இலைப் பொடிசுகள். கால் வைக்க இடமில்லை. ஐந்து பேரை நான் வளர்த்தேன் என்று பெருமை பேசுகிறேன். இந்தக் காடு தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு சும்மா நிற்கிறது. வெப்பாலையில் காய் ஜோடி ஜோடியாகத் தொங்கியது. இரண்டும் விலகி விலகிப் போய், நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். நானும் அவளும் போல. கவட்டையில் மரப்பட்டை விழுங்கியது போக, விரல் அகலத்துக்குச் சிவப்புத் துணி நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டேன். அதே வழவழப்பு.

கீழ்பென்னாத்தூரில் மகன் வீட்டில் இருக்கும் அவளுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "நம்ம துணி இன்னும் கீதா?" என்று கத்தினாள். நம்ம துணியாம்! அதற்குத்தான் இத்தனையும் எழுதச் சொன்னேன்.

பாப்பா, மொதல்லேருந்து சத்தமா படி. புடவை என்னுதுன்னு வர்ற எடத்தை மட்டும் ரெண்டு தரம் படி. இரு, இரு, கீழ்பென்னாத்தூர் பெரியாயாவுக்குப் போனைப் போட்டுட்டு ஆரம்பி.