கூசுதா ஹை

வெந்நீரில் பல் விளக்குகிற ஊரில் குடியிருப்பாய் என்று சின்ன வயதில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். விருதுநகரில் நாங்கள் குளிக்கவே வெந்நீர் தேடியதில்லை. டெல்லி துவாரகாவில் ஜனவரி காலையில் குழாய்த் தண்ணீரை ஒரு வாய் வைத்துப் பாருங்கள். பல்லெல்லாம் கூசி, காதுவரை ஏறி, செய்த பாவமெல்லாம் ஞாபகத்துக்கு வரும். அதனால் எங்கள் வீட்டில் கெய்சர் தண்ணீரில்தான் பல் விளக்கல். அப்போதும் என் இடதுபக்கக் கடைவாய்ப் பல் ஒன்று கூசிக்கொண்டே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அதை மே மாத லீவுக்கென்று எடுத்து வைத்திருந்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது; வெளியூரில் பிழைக்கிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம். "ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று வலியைச் சேர்த்துவைத்து ரயிலேற்றிக் கொண்டுபோகிற ஜாதி நாங்கள். பயம் மட்டும் காரணமில்லை, பாஷையும்தான். பத்து வயதில் விருதுநகர் பல் டாக்டர் "எப்படிப்பா வலிக்குது?" என்று கேட்டார். "விண்ணு விண்ணுனு தெறிக்குது சார், படுத்தா குடையுது" என்றேன். வாயைத் திறந்து பல்லைக் காட்டுவதற்கு முன்பே அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. இங்கே விமான நிலையச் சரக்குப் பிரிவில் பதினாலு வருஷமாக வேலை. இந்தியில் ஆட்டோக்காரரோடு சண்டை போடுவேன், காய்கறிக்காரரிடம் கொசுறாகக் கொத்தமல்லி வாங்குவேன். ஆனால் தெறிப்பது, குடைவது, கூசுவது எல்லாவற்றுக்கும் என்னிடம் இருந்தது 'தர்த்', அதாவது வலி, என்கிற ஒரே சொல். அதை மட்டும் சொல்லிவிட்டு ஒருவர் முன்னால் வாயைத் திறக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மாட்டிவிட்டவள் என் மகள் இனியா. ஒன்பது வயது, டெல்லியில் பிறந்தவள். அவள் பல்லில் சொத்தை. "இது பால் பல் இல்லை, ஆயுசுக்கும் வேண்டிய பல். இன்னும் தள்ளிப்போட்டால் பிடுங்க வேண்டியிருக்கும்" என்று எங்கள் செக்டர் மார்க்கெட் மாடியில் இருக்கும் பஞ்சாபி டாக்டரம்மா சொல்லியிருந்தார். குழந்தைகள் பயப்படக் கூடாதென்று சுவரெல்லாம் ஒட்டகச்சிவிங்கி வரைந்து வைத்திருக்கிறார். என்ன பிரயோசனம்? முதல் தடவை மெஷின் சத்தம் கேட்டதும் இனியா வாயை மூடிக்கொண்டாள். இரண்டாம் தடவை சோபாவை விட்டே எழுந்திருக்கவில்லை. மூன்றாம் தடவை ஒரு நிபந்தனை போட்டாள்.

"பெஹலே அப்பா உக்காரட்டும். அப்புறம்தான் நான்."

"எனக்கு ஒண்ணும் இல்லையேடா" என்றேன்.

என் மனைவி செல்வி விட்டாளா? "சும்மா உக்காருங்க. மூணு மாசமா ஒரு பக்கமாவே மெல்லுறது எனக்குத் தெரியாதா?"

உட்கார்ந்தேன். குளிருக்குப் போட்டிருந்த குரங்குக் குல்லாவை மோவாய்க்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டேன். நான் முகம் சுளித்தால் மகள் பல் போச்சு. அந்த நினைப்பிலேயே கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தேன். டாக்டர் ஏதோ சுரண்டினார், தண்ணீர் பீய்ச்சினார். வாய் நிறைந்தது. மாஸ்க்குக்குள்ளிருந்து சொன்னார்:

"குல்லா கர் லீஜியே."

குல்லா இடைஞ்சலாக இருக்கிறது போலும். கழற்றி மடியில் வைத்தேன். "நஹீ நஹீ, குல்லா கீஜியே" என்றார். கழற்ற வேண்டாமாம். மறுபடி மாட்டிக்கொண்டேன். வாயில் தண்ணீர், கேள்வி கேட்கவும் வழியில்லை. டாக்டர் பொறுமை இழந்து, நாற்காலி ஓரம் இருந்த குட்டித் தொட்டியைக் காட்டி, "குல்லா! இதர்!" என்றார். பெரிய படிப்புப் படித்தவர், காரணம் இருக்கும். குல்லாவைக் கழற்றித் தொட்டிக்குள் போட்டேன்.

இனியா சோபாவிலிருந்து உருண்டே விட்டாள். "அப்பா! குல்லான்னா இந்தியில வாய் கொப்பளிக்கிறதுப்பா!" பிறகு டாக்டரிடம் திரும்பி, தமிழில் குல்லா என்றால் தலைக்குப் போடுவது என்று இந்தியில் விளக்கினாள். டாக்டர் மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சிரித்தார். என் வாயிலிருந்த தண்ணீர் அதற்குள் சட்டையில். மானம் கப்பலேறியது. ஆனால் சிரித்த வாயோடு என் மகள் தானாகவே வந்து நாற்காலியில் ஏறினாள். அந்த ஈரக் குல்லாவைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

டாக்டர் சொத்தைமேல் லேசாகக் காற்றடித்துப் பார்த்து, "தர்த் ஹோதா ஹை, பேட்டா?" என்று கேட்டார்.

"தர்த் நஹீ, ஆன்ட்டி..." இனியா யோசித்தாள். இந்தியில் மழையாகப் பொழிகிறவள் சொல் கிடைக்காமல் தவித்தாள். பிறகு சொன்னாள்: "கூசுதா ஹை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் தமிழ் அரிச்சுவடியோடு மல்லுக்கட்டி உட்காரவைத்தால், "இதெல்லாம் எதுக்குப்பா?" என்று கேட்டுக் கேட்டு என்னை அழவைத்தவள் இவள். அவளுக்கும் பல் கூசுவது தமிழில்தான்.

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த கூச்சத்தை எல்லாம் இந்தியில் தேடி, "தாந்த் கோ ஷரம் ஆத்தி ஹை" என்றேன். பல்லுக்கு வெட்கம் வருகிறது என்று அர்த்தமாகிவிட்டது. இனியா தலையில் அடித்துக்கொண்டாள். நான்கு கைகளும் ஐஸ்க்ரீம் உதாரணமும் சேர்ந்து ஒருவழியாகப் புரியவைத்தோம். அன்றே இனியாவின் பல்லை அடைத்தார். அடுத்த வாரம் என் பல்லை அடைத்துவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் என்னைக் கேட்டார்: "அப் பீ கூசுதா ஹை?" மே மாதம் வரைக்கும் காத்திருக்க என்னிடம் வலி எதுவும் மிச்சமில்லை.

மே மாதம் ஊருக்கு வெறும் வாயோடு போனேன். அண்ணன் வீட்டில் சாப்பாடு, மாம்பழம். முடித்ததும், "இனியா, போய்க் குல்லா பண்ணு" என்றேன்.

அண்ணன் நிமிர்ந்தார். "டேய், அக்னி நட்சத்திரத்துல பிள்ளைக்கு எதுக்குடா குல்லா?"

நான் பதில் சொல்வதற்குள், ஃப்ரிட்ஜ் தண்ணீரில் வாய் கொப்பளித்த இனியா பின்கட்டிலிருந்து வெற்றியோடு கத்தினாள்: "அப்பா, கூசுதா நஹீ!"

"கூசுதாவா? யாருக்கு? என்னையா கேக்குறா?" என்றார் அண்ணன்.

செல்விக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் அண்ணனுக்கு விளக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். எங்கள் மூவரைத் தவிர அந்தப் பேச்சு முழுதாகப் புரியக்கூடிய ஒரே ஆள், துவாரகாவில் மாடியில், ஒட்டகச்சிவிங்கிகளுக்கு நடுவே யாரையோ குல்லா செய்யச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.