நான் எழுதிய விதியும் எனக்குக் கிடைக்காத அறையும்

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜுக்கு புக்கிங் மென்பொருள் எழுதியவன் நான். முதலாளி சொன்ன விதிகளையெல்லாம் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஓர் ஓப்பன் சோர்ஸ் நிரல் தொகுப்பை வைத்து ஒரே இடத்தில் அடுக்கினேன். யாரும் அவற்றைத் தாண்டிப் போக முடியாது.

“அவசரத்துக்கு மேனேஜர் மீறுறதுக்கு ஒரு வழி விடுங்கண்ணே” என்றான் கூட வேலை பார்த்த உள்ளூர்க்காரன் செல்வம். விதி என்றால் எல்லோருக்கும் விதிதான் என்று ஒரு மணி நேரம் அவனுக்கு வகுப்பெடுத்தேன். அவன் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை.

இன்று மதியம் காய்ச்சலோடு அதே லாட்ஜில் போய் நின்றேன். வரவேற்பில் இருந்த பெண் என் விவரங்களைக் கம்ப்யூட்டரில் தட்டினார்.

“தனியா வந்தவுகளுக்கு ரூம் இல்லைங்குது சார்.”

“அதை எழுதினதே நான்தாம்மா.”

“நல்லாத்தான் எழுதியிருக்கீக. போன மாசம் முதலாளியே தட்டிப் பாத்தாக, அசையலையே!”

“இப்ப நான் எங்கன போறது?”

“தொணைக்கு யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க சார்.”

இந்தத் தீவில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் செல்வம்தான். அவனோடு பேசி இரண்டு வருடமாகிறது. போன் செய்ய மனம் வராமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நம்முடைய இந்த மென்பொருள்காரர்கள் ஃபேஸ்புக் குழுவில் அவனும் இருப்பதால் என் பெயர் போடாமலே பதிவிடுகிறேன்.

செல்வம், யாரென்று கண்டுபிடித்துவிட்டால் சிரித்து முடித்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு வா.