வேர் உள்ள கல்

ஈப்போவிலிருந்து புறப்பட்ட காரில் மூன்று பேர் இருந்தோம்: பாறைகளை ஆராயும் வெள்ளைக்காரத் துரை, அவருக்கு மொழிபெயர்க்க நான், காரை ஓட்டக் காதர் அண்ணன். வராதவர் தோட்டத்து மானேஜர். அவர் ஒரு கேள்வியை மட்டும் அனுப்பியிருந்தார்: முனியாண்டி கோயிலில் நிற்கும் கறுப்புக் கல் தரைமேல் கிடக்கும் உருண்டையா, தரைக்குள் இறங்கும் பாறையா?

உருண்டையென்றால் விட்டுவிடுவார். பாறையென்றால் வெடி வைப்பார். ரப்பர் விலை ஏறியிருந்த சமயம். லாரிப் பாதைக்கு, ஒற்றை உருண்டையில் கிடைக்காத அளவுக்கு உடைகல் சல்லி தேவைப்பட்டது. நான் அந்தத் தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்தில் பிறந்தவன். அப்பா எனக்குப் பெயர் வைத்ததே அந்தக் கல்லின் முன்னால்தான்.

தோட்டம் இருந்த தஞ்சோங் ரம்புத்தானுக்கு எட்டு மைல். கார் வாடகை போகவர ஆறு வெள்ளி. வழியில் சுண்ணாம்பு மலைகள் வயல்வெளியில் நட்டுவைத்தாற்போல் நின்றன. அவை கடலடியில் படிந்தவை என்றார் துரை. கிழக்கே நீலமாகத் தெரிந்த கருங்கல் மலைத்தொடர் பிற்பாடு கீழிருந்து உருகி வந்து சுண்ணாம்பைத் துளைத்ததாம்.

"எது எதை அறுத்துக்கொண்டு போகிறதோ அதுவே இளையது. பாறையின் வயதுக்கு நமக்குள்ள சாட்சி அதுதான்" என்றார்.

காதர் அண்ணன் என் பக்கம் சாய்ந்தார். "தம்பி, தொர என்னா சொல்றாரு?"

"மலைக்கு வயசு சொல்றாரு அண்ணே."

"அப்படியே என் காருக்கும் கேட்டுச் சொல்லுலா. மொதலாளி இன்னும் புதுசுங்கிறான்."

தோட்டத்தை அடைந்தபோது பால்வெட்டு முடிந்து சனங்கள் கோயிலடியில் கூடியிருந்தார்கள். இடுப்பளவுக் கல், எண்ணெய் குடித்துப் பளபளத்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு விளக்கேற்றும் அஞ்சலை அக்காவைத் தனியே அழைத்தேன்.

"அக்கா, தொர கேட்டா, கல்லு எங்கேயிருந்தோ உருண்டு வந்துச்சுன்னு சொல்லுங்க. தானா மொளச்சதுன்னா வெடி வச்சிருவாங்க."

அக்கா கல்லைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்டா, இத்தன வருசமா சுயம்புன்னு சூடம் காட்டிட்டு, இன்னிக்கு முனியாண்டி மொகத்துக்கு நேரா வேர் இல்லேன்னு சொல்லணுமா?"

"நல்லா படிச்சிட்டு வந்திருக்கான்லா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

துரை கேட்டார். அக்கா நிமிர்ந்து நின்றாள். "பாதாளத்திலேருந்து வந்தாரு. யாரும் நட்டதில்ல. அப்படியே சொல்லு."

அப்படியே சொன்னேன். துரை தொப்பியைக் கழற்றினார். கல்லின்மேல் சுத்தியலை வைக்கவில்லை. பின்புறம் இருந்த ஓடையில் இறங்கினார். கரையில் அந்த மலைத்தொடரின் சாம்பல் நிறக் கருங்கல். அதை நெட்டுக்குத்தாகப் பிளந்துகொண்டு, இரண்டு முழ அகலத்தில் ஒரு கறுப்புப் பட்டை கோயிலை நோக்கி ஏறி, அந்தக் கல்லின் அடியில் போய் முடிந்தது. அதன் நடுவிலும் ஓரத்திலும் ஒவ்வொரு சில்லை உடைத்துக் காட்டினார். பட்டையின் நடுவில் மணிமணியாகத் தெரிந்தது. ஓரத்தில் மை போல வழவழப்பு.

அது பசால்ட் இனமாம். எரிமலையாக வெளியே கொட்டும் அதே குழம்பு, இங்கே பூமியின் வெடிப்பில் ஏறி உள்ளேயே உறைந்துவிட்டது. குளிர்ந்த கருங்கல்லைத் தொட்ட ஓரம் சட்டென்று இறுகியது. நடு மெல்ல ஆறியது. கருங்கல்லை அறுத்திருப்பதால் அதற்கு இளையது. எத்தனை ஆண்டு என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது" என்றார் துரை.

மேலே வந்து, கீழிருந்து உருகித் தானாகவே வந்த கல்தான் என்று சொன்னேன்.

"தொரையே சொல்லிட்டாரா?" அக்காவின் கண் நிறைந்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

அக்காவே கேட்டாள்: "வெடி எப்போ வைக்கிறாங்க?"

திரும்பும் வழியில் அதே மலைகள், எதிர் வரிசையில் பின்னால் போயின. அவற்றின் வயதை அறிந்துகொண்டு போன எனக்கு, ஈப்போ வீட்டில் அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வெடிக்கு முன், தரைமேல் நின்ற தலைக்கல்லை மட்டும் எடுத்துக்கொள்ள மானேஜர் சம்மதித்தார். உளியால் அடியை அறுத்து, வண்டியில் ஏற்றி, லயத்துக் கோடியில் வைத்தார்கள். சிமெண்டு பூச வேண்டாம் என்று அக்கா தடுத்துவிட்டாள்; வெறும் மண்ணில் நின்றால்தான் வேர் இறங்குமாம். கல்தச்சன், மாட்டு வண்டி, ஆடு, சூடம் எல்லாம் சேர்த்து லயத்துச் சனங்களுக்கு ஆன செலவு நாற்பத்தொரு வெள்ளி இருபது காசு.