கார்டு லைனுக்கு மூன்று கார்டு

‘கார்டு சார் தவறிட்டார்’ என்று மெல்வின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்ததைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். எங்கள் கிடார் வகுப்பில் யாருக்காவது கார்டு தவறாத நாள் கிடையாது. யார் எதில் தவறினார்கள் என்று குழுவில் போட்டுக் கிண்டல் செய்வதும் வழக்கம்தான். ‘ஜியிலா, சியிலா?’ என்று பதில் எழுதி அனுப்பப் போனேன். அதற்குள் அடுத்த வரி வந்தது: ‘இன்னிக்குக் காலைல. ஹார்ட் அட்டாக். ஸ்ரீரங்கம் வீட்லதான் வச்சிருக்காங்க.’ சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ராஜமாணிக்கம் சாரை அறிந்தவர்கள் யாரும் அந்தச் சிரிப்புக்காக என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர் காதில் விழுந்திருந்தால் அவரே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பார். சரக்கு வண்டிகளில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். கிடாரில் சில கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒரே வீச்சில் மீட்டினால் வருகிற கூட்டு ஒலிக்கும் கார்டு என்றுதான் பெயர்; ஒவ்வொன்றையும் ஜி, சி, டி என்று எழுத்தால் குறிப்பார்கள். போதாக்குறைக்கு, திருச்சியிலிருந்து அரியலூர் வழியாக விழுப்புரம் போகும் பாதையை ரயில்வேக்காரர்கள் கார்டு லைன் என்பார்கள். அவர் வேலை பார்த்ததெல்லாம் அதில்தான். வகுப்பில் சேர்ந்த அன்றே சொன்னார்: “கார்டு லைன்ல கார்டா இருந்துட்டு ஒரு கார்டு புடிக்கத் தெரியலைன்னா நல்லாவா இருக்கும், சொல்லுங்க.”

தில்லை நகரில் ஒரு பேக்கரிக்கு மாடியில் வகுப்பு. கீழேயிருந்து பன் வேகிற வாசனை வந்துகொண்டே இருக்கும். சுற்றிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்; நாற்பதைத் தாண்டியவர்கள் நாங்கள் இருவர் மட்டும். என் மகள் கல்லூரிக்குப் போகும்போது கிடாரை அலமாரிக்கு மேல் போட்டுவிட்டுப் போனாள். வாங்கிய பொருள் சும்மா கிடந்தால் எனக்கு ஆகாது, அதனால் நான் சேர்ந்தேன். சார் ஏன் சேர்ந்தார் என்று கேட்டால் அந்தக் கார்டு ஜோக்கையே திரும்பச் சொல்வார். விரல் நுனியில் கம்பி பதிந்து சிவந்துபோன தடத்தை என்னிடம் காட்டி, “இத்தனை வருஷம் கொடி புடிச்ச கை மேடம், கம்பி புடிக்க முரண்டு பண்ணுது” என்றார். என் விரலும் அதே கதியில்தான் இருந்தது.

அவர் வாசிக்கிற முறை யாருடைய பொறுமையையும் சோதிக்கும். ஒவ்வொரு விரலாக வைப்பார். ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் கேட்பார். எல்லாம் சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் மீட்டுவார். அதற்குள் பிள்ளைகள் பாட்டை முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருப்பார்கள். எங்கள் ஆசிரியர் மெல்வினுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. “சார், பாட்டு போயிடுச்சு சார்” என்பார் பாவமாக. “முழு வண்டியையும் பாக்காம ஆல்ரைட் குடுத்துப் பழக்கமில்ல தம்பி” என்பார் இவர்.

எனக்கோ வாயில் அவசரம். எதிரில் இருப்பவர் ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். “நான் பேசி முடிச்சுக்கிறேனே” என்று என் வீட்டில் சொல்லாதவர் இல்லை. சார் அடுத்த கார்டுக்கு விரலைத் தேடும்போது பக்கத்திலிருந்து “சி, சார், சி” என்று அவசரப்படுத்திக்கொண்டிருப்பேன். ஒருநாள் கிடாரை மடியில் சாய்த்துக்கொண்டு, “மேடம், ஒரு தடவை வீட்டுக்கு வாங்க. நான் எதுக்குக் கத்துக்கிறேன்னு அப்பத் தெரியும்” என்றார்.

அந்த வாரமே போனேன். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. பின்பக்க ஜன்னலிலிருந்து தண்டவாளம் தெரிந்தது. ஜன்னலோரம் அவர் மனைவி வசந்தா அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் புரியும், பதில் சொல்லத்தான் சொல் வராது. ஆனால் பாட்டாக இழுத்தால் சில சமயம் சொல் வருகிறது, பாட வையுங்கள் என்று பேச்சுப் பயிற்சி தருபவர் சொல்லியிருக்கிறார். வசந்தா அம்மா நன்றாக அறிந்த பாட்டு ஒன்று இருந்தது. அவரே கட்டியது. மகள் சின்னவளாக இருந்தபோது, அப்பா எங்கே வருகிறார் என்று கேட்டு அழுதால் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பாடுவாராம். அரியலூர், புள்ளம்பாடி, லால்குடி, வாளாடி, சீரங்கம். அவ்வளவுதான் பாட்டு. சீரங்கம் என்று முடிக்கையில் வீட்டுக்குப் பின்னால் சரக்கு வண்டி கடக்கும். கடைசிப் பெட்டியில் நின்றுகொண்டு அப்பா கொடி காட்டுவார்.

“இந்த லைனுக்கு மூணு கார்டு போதும்னு மெல்வின் தம்பி சொல்லிட்டார்” என்று சொல்லிச் சார் வாசிக்க ஆரம்பித்தார். அரியலூருக்கு ஜி. வசந்தா அம்மா முனகி, இழுத்து, “அரி…யலூர்” என்றார். சார் விரல்களை ஒவ்வொன்றாக சி கார்டுக்கு மாற்றினார். அவர் மாற்றி முடிக்கவும் அம்மாவுக்குப் “புள்ளம்பாடி” வரவும் சரியாக இருந்தது. வகுப்பில் எங்களையெல்லாம் கொட்டாவி விட வைத்த அந்தத் தாமதம் இங்கே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. வாளாடிக்கு டி. “பேர்லயே இருக்கு பாருங்க” என்றார். “அப்ப புள்ளம்பாடிக்கும் லால்குடிக்கும்?” என்றேன். “இந்த லைன்ல முக்காவாசி ஊரு டியிலதான் முடியுது, என்ன பண்றது” என்று அவர் சொல்ல, அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

ஆனால் வாளாடியோடு பாட்டு நின்றுவிட்டது. டி கார்டில் நிறுத்தினால் கேட்பவருக்கு மனசு ஆறாது. ஜிக்கு வந்து சேர்ந்தால்தான் வீட்டுக்கு வந்த நிறைவு வரும். அம்மாவின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. நான் வழக்கம்போல “சீ” என்று வாயெடுத்தேன். சார் வலது கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். “சொல்லிடாதீங்க மேடம். அது அவ வண்டி. அவதான் கொண்டாந்து சேக்கணும்.” பிறகு அம்மாவிடம் திரும்பி, “கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது, அவ்ளோதான். லைன் கிளியர் கிடைக்கல. வரும்” என்றார். இடது கை டியை விடவே இல்லை.

பிறகு பயிற்சியில் அவருக்கு வேகம் வந்துவிட்டது. மெல்வின் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். அடுத்த வாரம் சார் வாடிய முகத்தோடு வந்தார். “கை பழகிருச்சு மேடம். நான் முன்னாடி போயிடுறேன், அவ பின்னாடியே நின்னுடுறா.” அதற்கப்புறம் அவர் வீட்டில் பழகியது வேகத்தை அல்ல. அம்மா சொல்லும்வரை ஒரே கார்டில் மெல்ல மீட்டிக்கொண்டே இருப்பதைத்தான் பழகினார். “நிக்கிற வண்டியும் டூட்டியிலதான் இருக்கு” என்பார். கடைசி ஊர் வராமலே போனால் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். “ஒரே ஒரு தடவை அவ வாயால கேட்டாப் போதும். கேட்டாத்தான் நான் வீடு வந்த மாதிரி” என்றார்.

கேட்காமலே போய்விட்டார். அதை நினைத்தால் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வருகிறது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு சனிக்கிழமை போனேன். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் கிடாரைச் சாய்த்து, யாரோ அதற்கும் சந்தனம் வைத்திருந்தார்கள். அவர் மகள், “அம்மா அதையே பாத்துக்கிட்டு இருக்காங்க. உங்களுக்கு வாசிக்க வருமா?” என்று கேட்டாள். மூன்று கார்டு வரும் என்றேன். கம்பிகள் தளர்ந்திருந்தன. முறுக்கிச் சுதி சேர்த்துக்கொண்டு ஜியில் ஆரம்பித்தேன். வசந்தா அம்மா என் விரல்களையே பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. மீட்டிக்கொண்டே இருந்தேன். மெல்ல அரியலூர் வந்தது. புள்ளம்பாடி வந்தது. லால்குடி தாண்டி, வாளாடி.

டியில் கை நின்றது. விரல் நுனிகள் எரிந்தன. அடுத்த சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். என் மகள் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, காலியாகக் கிடந்த தண்டவாளத்தைப் பார்த்தார்.

“சீ…” என்றார்.

அன்று அவ்வளவுதான் வந்தது. மகள் அடுப்படி வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பக்கவாதம் வந்தபின் அந்த ஓர் எழுத்தைக்கூட அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

சார், நீங்கள் எனக்கு விட்டுப்போனது மூன்று கார்டும், இன்னொருவர் சொல்ல வேண்டியதை நான் சொல்லாமல் இருக்கும் பழக்கமும். முதலாவது சுமாராக வருகிறது. இரண்டாவதைச் சனிக்கிழமைதோறும் உங்கள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறேன். டியில் விரல் வலித்து, இன்றைக்குப் போதும் என்று தோன்றும்போதெல்லாம் நீங்கள் பக்கத்து நாற்காலியிலிருந்து சொல்வது கேட்கிறது: “சிக்னல் விழுந்திருச்சு மேடம், வண்டி வந்துரும். கையை எடுத்துடாதீங்க.”